பழைய கணினியிலிருந்து புதியதற்கு மாறும்போது விட்டுப்போகிறவை

விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாத பழைய இயந்திரம் என்றால் புதிது வாங்குவதுதான் பலருக்கும் வழி. டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், படங்கள் எல்லாம் எப்படியும் வந்து சேர்ந்துவிடும். மறைந்திருக்கும் கோப்புறைகளில் உள்ளவைதான் விட்டுப்போகும்.

தமிழில் வேலை செய்கிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது எழுத்துரு. பாமினி, வானவில் அவ்வையார் போன்றவற்றில் அடித்த ஆவணத்துக்குள் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான்; அவற்றைத் தமிழாக வரைந்து காட்டுவது எழுத்துரு. அது இல்லாத கணினியில் திறந்தால் பக்கம் முழுக்கக் கிறுக்கலாகத் தெரியும். கோப்பு கெட்டுவிடவில்லை. பதறிப்போய் வேறு எழுத்துருவுக்கு மாற்றிச் சேமிக்காமல் மூடிவிடுங்கள். உரிய எழுத்துருவை நிறுவியதும் சரியாகிவிடும்.

எழுத்துருக்கள் இரண்டு இடங்களில் இருக்கும். சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் எல்லோருக்கும் தெரியும். ஒரு பயனருக்கு மட்டும் நிறுவியவையோ அவர் பெயரிலுள்ள கோப்புறையில் ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்று உள்ளே போனால்தான் கிடைக்கும். ஆப்டேட்டா மறைக்கப்பட்ட கோப்புறை என்பதால் எக்ஸ்புளோரரின் வியூ மெனுவில் 'ஹிடன் ஐட்டம்ஸ்' தேர்வைப் போட வேண்டும். புதிய கணினியில் வலது கிளிக் செய்து 'இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்' கொடுங்கள். சில பழைய மென்பொருள்களின் கண்ணுக்கு ஒரு பயனருக்கு மட்டும் நிறுவிய எழுத்துரு தெரிவதில்லை.

தமிழ்99 விசைப்பலகை விண்டோஸ் 11லேயே உண்டு. பாமினி முறையில் தட்டச்சு செய்கிறவர்கள் மட்டும் என்எச்எம் ரைட்டர், அழகி போன்ற தட்டச்சு மென்பொருள் ஒன்றை மறுபடி நிறுவ வேண்டும்.

குரோம் உலாவி உங்கள் அமைப்புகளைச் சேமிக்கும் புரொஃபைல் கோப்புறையை அப்படியே நகல் எடுத்தால் கடவுச்சொற்கள் வராது. பழைய விண்டோஸ் கணக்கோடு பிணைத்துப் பூட்டப்பட்டவை அவை. கூகுள் கணக்கில் சிங்க் செய்யுங்கள், அல்லது சிஎஸ்வி கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். அந்தக் கோப்பில் எல்லாக் கடவுச்சொற்களும் பச்சையாகத் தெரியும். வேலை முடிந்ததும் ரீசைக்கிள் பின்னிலிருந்தும் அழித்துவிட வேண்டும். ஃபயர்ஃபாக்ஸில் இந்தத் தொல்லை இல்லை. புரொஃபைல் கோப்புறையை முழுதாக எடுத்துவைத்தாலே போதும்.

மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவில் மேகக் குறி போட்ட கோப்புகள் உங்கள் டிஸ்க்கிலேயே இல்லை, பெயர் மட்டும்தான் இருக்கிறது. வலது கிளிக் செய்து 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்' கொடுத்து முழுதும் இறங்கிய பிறகு நகல் எடுங்கள். டாலி கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்கள் டேட்டா கோப்புறையை எடுப்பதோடு, பழைய கணினியில் உரிமத்தை 'சரண்டர்' செய்துவிட்டுப் புதியதில் ஆக்டிவேட் செய்ய வேண்டும்.

நகல் எடுக்கும் பென் டிரைவ் ஃபேட்32 வடிவில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காது. பெரிய வீடியோக்களும் அவுட்லுக் மின்னஞ்சல்களைச் சேமிக்கும் பிஎஸ்டி கோப்புகளும் மாட்டிக்கொள்வது அங்கேதான். எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் நல்லது. யூஎஸ்பி 2.0 துளையில் விநாடிக்கு 35 எம்பி அளவில் போகும், 200 ஜிபிக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். நீல நிற 3.0 துளையில் செருகுங்கள். விண்டோஸிலேயே உள்ள ரோபோகாப்பி என்ற நகலெடுக்கும் கட்டளையைப் பயன்படுத்துகிறவர்கள் மறுமுயற்சி எண்ணிக்கையைக் கட்டாயம் குறைக்க வேண்டும். நீங்கள் சொல்லாவிட்டால் படிக்க முடியாத ஒவ்வொரு கோப்புக்கும் அது 30 விநாடி இடைவெளியில் பத்து லட்சம் முறை முயலும். பழுதான டிஸ்க்கில் இரவு முழுக்க ஒரே கோப்பில் நின்றுவிடுவது இதனால்தான்.

முடிந்ததும் இரண்டு பக்கமும் கோப்புறையின் பிராப்பர்ட்டிஸைத் திறந்து கோப்புகளின் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். அளவு மட்டும் ஒத்துப்போனால் போதாது. பழைய கணினியை ஒரு மாதமாவது அழிக்காமல் வையுங்கள். அதில் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் ஓடுகிறதா என்றும் பாருங்கள். பல லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தபோதே அது தானாக இயங்கியிருக்கும். மதர்போர்டு பழுதாகி டிஸ்க்கை மட்டும் கழற்றி வேறொன்றில் மாட்ட நேர்ந்தால் 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல் ஒரு கோப்பையும் திறக்க முடியாது. அதைக் காகிதத்தில் எழுதிவையுங்கள். விற்பதென்றால் ரீசெட் செய்யும்போது 'ரிமூவ் எவ்ரிதிங்' கொடுத்து, செட்டிங்ஸில் 'கிளீன் டேட்டா'வையும் இயக்குங்கள். அதில்லாமல் அழித்த கோப்புகளை மீட்பு மென்பொருள் வைத்து எடுத்துவிட வாய்ப்புண்டு.