பாலி பீட்டா அமினோ எஸ்டர்: ஈரம் படாமல் வைத்திருப்பதில்தான் எல்லாம்

வைரஸ் இல்லாமல் மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுபோகப் பலரும் முதலில் எடுப்பது பாலிஎத்திலீன்இமின் என்ற பாலிமர் (நீண்ட சங்கிலி மூலக்கூறு). டி.என்.ஏ.வை நன்றாகச் சுருட்டும். ஆனால் உள்ளே போனபின் உடையாமல் தங்கிச் செல்லை வதைக்கும். 2000-இல் லின், லேங்கர் இருவரும் வெளியிட்ட பாலி பீட்டா அமினோ எஸ்டர் என்ற பாலிமரில் அந்தச் சிக்கல் குறைவு. அதன் எஸ்டர் பிணைப்புகளைத் தண்ணீரே அறுத்துவிடும். குப்பியில் இருக்கும்போதும் அறுக்கும் என்பதுதான் தொல்லை.

இந்தப் பாலிமரைத் தயாரிக்க, 10 மில்லிமோல் 4-அமினோ-1-பியூட்டனாலுக்கு (0.89 கிராம்) 11 மில்லிமோல் 1,4-பியூட்டேன்டையால் டைஅக்ரிலேட் (2.18 கிராம்). கரைப்பான் வேண்டாம், 90 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் கலக்கினால் தேன்போல் கெட்டியாகும். அக்ரிலேட் கூடுதலாக இருந்தே ஆகவேண்டும். அப்போதுதான் சங்கிலியின் முனைகளில் அக்ரிலேட் மிஞ்சும், அதில் முனையை மூடும் முனை அமீன் வந்து ஒட்டும். முனைக்கு 1-(3-அமினோபுரோப்பைல்)-4-மெத்தில்பைப்பரசின்: டி.எம்.எஸ்.ஓ. (டைமெத்தில் சல்பாக்சைடு) கரைப்பானில் 0.2 மோலார், அறை வெப்பத்தில் 1 மணி நேரம்.

பிறகு டைஎத்தில் ஈதரில் இரண்டு முறை கழுவி, வெற்றிடத்தில் உலர்த்துங்கள். இதைத் தவிர்த்தால் ஒட்டாத அமீன் செல்களைக் கொல்லும். பழி பாலிமர் மேல் விழும்.

நீரற்ற டி.எம்.எஸ்.ஓ.வில் மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் கரைத்து, சிறு குப்பிகளாகப் பிரித்து, சிலிக்கா ஜெல்லோடு மைனஸ் 20-இல் வையுங்கள். குளிர்ந்த குப்பியை உடனே திறந்தால் காற்றின் ஈரம் உள்ளே படியும், டி.எம்.எஸ்.ஓ. அதை உறிஞ்சிக்கொள்ளும். அறை வெப்பத்துக்கு வந்தபின் திறங்கள். மிச்சத்தை மறுபடி உறைய வைக்காதீர்கள்.

96 குழித் தட்டில் 10 குழிகளுக்குக் கணக்கு இது: 6 மைக்ரோகிராம் பிளாஸ்மிட் (மரபணுவைச் சுமக்கும் வளைய டி.என்.ஏ.) 100 மைக்ரோலிட்டரில், 3.6 மைக்ரோலிட்டர் பாலிமர் கரைசல் 96.4 மைக்ரோலிட்டரில். இரண்டுக்கும் 25 மில்லிமோலார் சோடியம் அசிடேட், பி.எச். 5. டி.என்.ஏ.வைப்போல் 60 மடங்கு எடை பாலிமர் சேர்கிறது. இரண்டையும் ஒன்றாக்கிப் பைப்பெட்டால் வேகமாகக் கலக்கி, டி.என்.ஏ.வும் பாலிமரும் சேர்ந்து துகள்களாக 10 நிமிடம் விட்டு, குழிக்கு 20 மைக்ரோலிட்டர் விடுங்கள். முந்தின நாளே குழிக்கு 15,000 செல்களை 100 மைக்ரோலிட்டர் ஊடகத்தில் போட்டிருக்க வேண்டும். 2 மணி நேரத்தில் ஊடகத்தை மாற்றுங்கள். பலனை 48 மணி நேரத்தில் பாருங்கள்.

அசிடேட்டுக்குப் பதில் பி.பி.எஸ். (உப்பு கலந்த பாஸ்பேட் கரைசல்) எடுப்பது அடிக்கடி நடக்கும் பிழை. அமிலத்தில்தான் அமீன்கள் புரோட்டான் ஏற்றுப் பாலிமர் கரையும், பி.பி.எஸ்.ஸின் உப்போ மின்னூட்டத்தை மறைத்துவிடும். கலவையில் கட்டிகளோ படிவோ தெரிந்தால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன, கொட்டிவிடுங்கள்.

அன்றைக்கே பயன்படுத்த முடியாத துகள்களைச் சுக்ரோஸ் (சர்க்கரை) சேர்த்து உறைஉலர்த்துங்கள், அதாவது உறையவைத்து வெற்றிடத்தில் உலர்த்துங்கள். சுக்ரோஸ் இல்லாமல் உறைந்தால், வளரும் பனிக்கட்டி துகள்களை நெருக்கிக் கட்டியாக்கிவிடும்.