கடிதம் வரும்வரை

பிப்ரவரி 2
ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வரவில்லை.

பிப்ரவரி 3
இரவு இரண்டு மணிக்கு வலி. இடுப்பில் தொடங்கி முன்பக்கம் இறங்கியது. உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். மாத்திரை வேலை செய்ய ஒரு மணி நேரம் ஆனது. அதுவரை, பிரிட்டனின் முதல் பிரதமர் என்று சொல்லப்படும் ராபர்ட் வால்போலைப் பற்றிப் படித்தேன் என்று சொன்னால் பொய். புத்தகத்தைக் கையில் பிடித்திருந்தேன், அவ்வளவுதான்.

அவருக்கும் என்னைப்போல சிறுநீர்க் கல்தான். பதவி போய் இரண்டு வருஷம் கழித்து, 1744 கடைசியில், ராஜா கூப்பிட்டனுப்பினார் என்று நார்ஃபோக்கிலிருந்து லண்டனுக்கு வந்திருக்கிறார். குதிரை வண்டி, அந்தக் காலத்துச் சாலை, உள்ளே கல். எனக்கு இங்கிருந்து பஸ் நிறுத்தம்வரை போக முடியவில்லை.

பிப்ரவரி 5
ஊரிலிருந்து அக்கா போன். "வாழைத்தண்டுச் சாறு குடிக்கிறியா?" இங்கே லண்டன் டூட்டிங்கில் கிடைக்கும், விலையைக் கேட்டால் கல் தானாகவே கரைந்துவிடும் என்றேன். சிரிக்கவில்லை. "நான் என்ன டாக்டரா? உன் இஷ்டம்" என்று வைத்துவிட்டாள். குடித்தே ஆக வேண்டும் என்று அர்த்தம். எங்கள் வீட்டில் எதையும் முடிவு செய்வது அவள்தான். கேட்டுப் பாருங்கள், ஒத்துக்கொள்ள மாட்டாள்.

பிப்ரவரி 6
கதவில் டப்பென்று சத்தம். ஓடினேன் (ஓடினேன் என்பது ஒரு பேச்சுக்கு). பீட்சா விளம்பரம்.

பிரிட்டிஷ் பிரதமரின் வீடான டௌனிங் தெரு 10ஆம் எண் கதவில் பித்தளைத் தபால் துளை இருக்கிறது. அதில் பிரதமர் என்று பொறித்திருக்காது. 'கருவூலத்தின் முதல் பிரபு' என்றுதான் இருக்கும். வால்போல் வகித்த பதவியின் பெயர் அதுதான். 1732ல் ராஜா இரண்டாம் ஜார்ஜ் அந்த வீட்டை வால்போலுக்கே கொடுக்கப் பார்த்தார். எனக்கு வேண்டாம், இந்தப் பதவிக்கு யார் வந்தாலும் அவர்கள் குடியிருக்கட்டும் என்று சொல்லி, 1735ல்தான் குடிபோனார். 1712ல் லஞ்சக் குற்றச்சாட்டில் லண்டன் கோபுரச் சிறையில் இருந்தவர், சொந்தக்காரர்களுக்கெல்லாம் உத்தியோகம் வாங்கிக் கொடுத்தவர். இந்த ஒரு வீட்டை மட்டும் ஏன் வேண்டாம் என்றார்? இரண்டு நாளாக இதே யோசனை. பெருந்தன்மை என்று நம்ப மனசு வரவில்லை. வீட்டைப் பேருக்கு எழுதி வாங்கினால் கண்ணில் படும். பதவியோடு ஒட்டிக்கொண்டு வந்தால் யாரும் கேட்க மாட்டார்கள்.

பிப்ரவரி 8
வலி இல்லை. வெயில்கூட அடித்தது.

முதலாம் ஜார்ஜுக்கு ஆங்கிலம் தெரியாததால்தான் கேபினட் கூட்டத்துக்கு வருவதை நிறுத்தினார் என்று பள்ளியில் படித்தேன். மந்திரிகள் பலருக்கு பிரெஞ்சு தெரியும், ராஜாவுக்கும் தெரியும். அப்புறம் என்ன தடை? அவருக்கு முன்பிருந்த ஆன் ராணி வாராவாரம் கூட்டத்தில் உட்கார்ந்தவர். 1717 வாக்கில் இவர் வராமல் போனார். அதே வருஷம்தான் மகனோடு பெரிய சண்டை. வராமல் போனதை யாரும் சட்டமாக எழுதவில்லை. நாற்காலி காலியானது, பேச்சு சுலபமானது, வேண்டியதை முன்கூட்டியே பேசி முடித்துவிட்டு ஒருவர் மட்டும் ராஜாவின் அறைக்குள் போனார். அந்த ஒருவர் யார் என்பதுதான் அப்புறம் முழுக் கதையும்.

பிப்ரவரி 9
ஸ்கேன் முடிந்து ஆறு வாரம். போன் செய்தால் "கடிதம் வரும்" என்கிறார்கள். யார் அனுப்புவது என்று கேட்டேன். அது வேறு பிரிவாம்.

பிப்ரவரி 10
கல் என்றால் இதுவல்லவா கல்: மதராஸ் கவர்னராக இருந்த தாமஸ் பிட் வாங்கிய வைரம், பட்டை தீட்டுமுன் 410 காரட். 1717ல் பிரான்சின் ஆட்சியாளருக்கு 1,35,000 பவுண்டுக்கு விற்றார். பேரன் வில்லியம் பிட், கொள்ளுப்பேரனும் வில்லியம் பிட். இருவரும் பிரதமர்கள், இளையவர் 24 வயதில். என் கல் ஆறு மில்லிமீட்டர்.

பிப்ரவரி 11
1742ல் இதே நாளில்தான் வால்போல் பதவியை விட்டார். சிப்பன்ஹாம் என்ற ஓர் ஊரின் தேர்தல் தகராறில் ஓட்டெடுப்பு தோற்றது. இருபது வருஷம் அதோடு முடிந்தது.

நாலு வருஷம் கழித்து, அதே பிப்ரவரியில், ராஜாவுக்குப் பிடித்த ஆட்களை வைத்துக்கொள்ளட்டும் என்று அப்போது பிரதமராக இருந்த ஹென்றி பெல்லமும் சகாக்களும் கூட்டாக விலகினார்கள். பாத், கிரான்வில் என்ற இரண்டு பேரிடம் மந்திரிசபை அமைக்கச் சொன்னார் ராஜா. இரண்டு நாள் தேடியும் ஆள் அகப்படவில்லை. ராத்திரியில் தெருவில் போனால் பிடித்துக்கொண்டுபோய் மந்திரியாக்கிவிடுவார்கள் என்று லண்டனில் கேலி செய்தார்களாம். இதைப் படித்துச் சிரித்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. ராஜா பெல்லமையே திரும்பக் கூப்பிட்டார். எல்லோரும் ஒன்றாகப் போனால்தான் பலம் என்று அன்றைக்குத் தெரிந்துபோனது. நாங்கள் நாலு பேர் பிறந்தோம், அக்காவுக்கு எதிராக ஒருநாளாவது சேர்ந்து நின்றிருக்கிறோமா?

பிப்ரவரி 12
சாறு குடித்தேன். வாயெல்லாம் துவர்ப்பு.

பிப்ரவரி 13
1741, இதே தேதி. வால்போலை நீக்க வேண்டும் என்று காமன்ஸ் சபையில் தீர்மானம். பிரதம மந்திரி என்று தனி ஒருவர் நம் சட்டத்தில் கிடையாது, இவர் அப்படி நடந்துகொள்கிறார் என்பதுதான் குற்றச்சாட்டு. அன்றைக்கு அது பதவிப் பெயரே அல்ல, வசவு. அவர் எழுந்து, நான் அப்படி ஒருவனே இல்லை என்று மறுத்தார். 290க்கு 106, தப்பித்தார். எல்லா அதிகாரமும் கையில் வைத்துக்கொண்டு, பேர் மட்டும் எனக்கு வேண்டாம்! தபால் துளையில் ஏன் அந்தப் பேர் இல்லை என்று இப்போது விளங்குகிறது.

இதை அக்காவிடம் சொன்னேன். "அதுக்கு ஏன் என்னை இழுக்கிறே?" என்றாள்.

பிப்ரவரி 16
வந்துவிட்டது. மார்ச் 18, காலை ஏழரை.

பிப்ரவரி 17
மார்ச் 18 வால்போல் இறந்த நாள். 1745. கல்லைக் கரைக்க டாக்டர் ஜூரின் கொடுத்தது சோப்புக் காரம். குடித்தபின் வலி தாங்காமல் அபின். கரைத்ததா கொன்றதா என்று வைத்தியர்கள் அப்புறம் அச்சிலேயே சண்டை போட்டுக்கொண்டார்கள்.

தேதி மாற்றச் சொல்லலாமா? அக்கா: "உன் இஷ்டம்."

பிப்ரவரி 19
மாற்றினால் மே மாதமாம். சரி, போகிறேன்.

பிப்ரவரி 21
நாலு மணி. மறுபடியும். மாத்திரை ஒன்றுதான் மிச்சம்