வைகை எத்தனை அடி?

அப்பா பேப்பரைப் பிரிச்சா தலைப்புச் செய்தி பார்க்க மாட்டார். அணை நீர்மட்டம் போட்டிருக்கிற மூலையைத்தான் தேடுவார். வைகை 71 அடி, பெரியாறு 142 அடி. எங்க ஸ்கூல் ஃபீஸ், அக்கா கல்யாணம், தீபாவளித் துணி எல்லாம் அந்த ரெண்டு நம்பருக்குள்ளதான்.

எங்க ஊரு மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம், கால்வாய்த் தண்ணி கடைசியா வந்து சேர்ற கடைமடை. கள்ளந்திரி வரைக்கும் இருபோகம். எங்களுக்கு ஒரு போகம், அதுவும் பெரியாறு கால்வாய்ல தண்ணி திறந்தால்தான். திறந்த அன்னைக்கு ராத்திரியே மம்பட்டியும் டார்ச் லைட்டுமா மடைக்குப் போயிருவார். விடியக்காலையில சேத்துக்காலோட என் தலைமாட்டுல நின்னு, "தண்ணி வந்துருச்சுடா"ம்பார். எனக்குத் தூக்கம்தான் பெருசு.

அறுப்புக்கு முன்னாடி ஒரு நெல்லை நகத்தால உரிச்சுக் கடிச்சுப் பார்ப்பார். டக்குனு உடைஞ்சாத்தான் மெஷினுக்குச் சொல்லுவார். ஒரு வருஷம் விக்கக் கொண்டுபோய்க் குவிச்ச நெல்லு மழையில நனைஞ்சு முளைவிட்டுருச்சு. யாரையும் வையலை. அம்மாகிட்ட மட்டும், "கோழிக்காவது ஆகும்"னார். அன்னைக்குச் சாப்பிடலை.

இப்ப மூட்டுவலி, வயக்காட்டுக்குப் போறதில்லை. நேத்து சென்னையில இருந்து போன் போட்டேன். சாப்டியான்னுகூடக் கேக்கலை மனுஷன்.

"ஏப்பா, செல்லுல பாரு, வைகை எத்தனை அடி?"