நீங்களா இருந்தா வாங்குவீங்களா?

சிங்கப்பூரில் சம்பளம் கிடைக்காத வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு உதவி செய்கிறவர்களில் நானும் ஒருத்தி. முதலாளியோடு நடந்த சமரசப் பேச்சின் நடுவில் வெளியே வந்து, அப்படிப் புகார் கொடுத்திருந்த ஒரு தம்பி என்னைப் போனில் கூப்பிட்டார். இன்றைக்கே கையெழுத்துப் போட்டால் 2,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) தருகிறாராம் முதலாளி. சம்பள பாக்கி, ஓவர்டைம் எல்லாம் சேர்த்து நாங்கள் போட்டிருந்த கணக்கு 7,000 வெள்ளிக்கு மேல்.

அந்த அறைக்குள் வக்கீலுக்கும் இடமில்லை, எங்களைப் போன்றவர்களுக்கும் இடமில்லை, அதனால் எல்லாம் போனில்தான். வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். வாங்கினால் கேஸ் முடிந்தது, மீதியைப் பிறகு கேட்க முடியாது. வாங்காவிட்டால் நடுவர் மன்றத்துக்குப் போகும், இழுக்கும், ஜெயிக்கலாம், தோற்கலாம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் புரியுதுக்கா. நீங்களா இருந்தா வாங்குவீங்களா?" என்றார்.

"முடிவு உங்க கையிலதான் தம்பி" என்றேன்.

வாங்கிக்கொண்டார்.

நான் சொன்னது தப்பு என்று இப்போதும் நினைக்கவில்லை. சிங்கப்பூருக்கு வரும்போது அவருக்காக ஏஜெண்ட் முடிவெடுத்தார், வந்த பிறகு கம்பெனி முடிவெடுத்தது, உதவி செய்ய வந்த நாங்களும் அதையே செய்தால் எப்படி? தவிர, ஏஜெண்டுக்குக் கட்டிய காசு ஊரில் நகையை அடகு வைத்து வாங்கியது. கேஸ் நடக்கும்வரை கையில் இருப்பது ஸ்பெஷல் பாஸ் என்ற தற்காலிகத் தங்கும் அனுமதி, அதை வைத்துக்கொண்டு வேலைக்குப் போக முடியாது, ஆனால் வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். மாசா மாசம் வங்கியில் சம்பளம் விழுகிற நான் "பொறுத்துக்குங்க" என்று சொல்வதில் என்ன கஷ்டம் இருக்கிறது?

ஆனால் அவர் என்னை முடிவெடுக்கச் சொல்லவில்லையே, நான் என்ன நினைக்கிறேன் என்றுதானே கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. பேசிக் சம்பளம் ஒரு நாளைக்கு 18 வெள்ளி, ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு என்று உட்கார்ந்து கணக்குப் போட்டதே நான்தான். டைம் கார்டை மாதாமாதம் போனில் படம் எடுத்து வைத்திருந்தார் (எத்தனை பேரிடம் கெஞ்சினாலும் செய்யாத காரியம் இது). மாதம் 72 மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம் கூடாது என்கிறது சட்டம். அதற்கு மேல் இவர் பார்த்த மணிகள் கம்பெனி ஏட்டில் ஒன்றுகூட இல்லை, படத்தில் இருந்தன. இந்த மாதிரி ஆதாரம் இருக்கும்போது முதலில் சொல்லும் தொகையிலேயே முதலாளி நிற்பது குறைவு என்பதும் எனக்குத் தெரியும், அவருக்குத் தெரிய வழியில்லை. வாங்க வேண்டாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. தெரிந்ததைச் சொல்லாமல் "உங்க கையில" என்றது அவர் மேல் வைத்த மரியாதையா, நாளைக்கு என் பெயர் அடிபடக் கூடாது என்ற பயமா? இரண்டும் கலந்துதான் இருந்திருக்கும். எது எவ்வளவு என்று கேட்டால் நாளுக்கு ஒரு பதில் வருகிறது.

எங்களில் மூத்தவர் ஒருவரிடம் இதைப் புலம்பியபோது அவர் தன் கதையைச் சொன்னார். ஒருவரைப் பொறுக்கச் சொன்னாராம், தீர்ப்பும் சாதகமாக வந்ததாம், அதற்குள் கம்பெனியில் எடுக்க ஒன்றுமில்லை. உத்தரவுத் தாளோடு ஊருக்குப் போனார் அந்த ஆள். "அதுக்கப்புறம் நான் வாயைத் திறக்கறதில்லை" என்றார். சரி, அது அவர் அனுபவம். ஒரு கேஸில் கை சுட்டதற்காக எல்லோரிடமும் வாயை மூடிக்கொள்வது நியாயமாகுமா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

அந்தத் தம்பிக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, அல்லது என்னிடம் காட்டவில்லை. "வட்டி கட்டியாச்சுக்கா, அது போதும்" என்று ஊரிலிருந்து மெசேஜ் போட்டிருந்தார். போதும் என்றால் போதும்தானா, அந்த 4,500 வெள்ளி அசலைக் கொஞ்சமாவது குறைத்திருக்காதா என்று நான்தான் இங்கே உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் வேறொருவர் கிட்டத்தட்ட அதே கேள்வியைக் கேட்டார். இந்த முறை சொல்லிவிட்டேன், "எனக்கென்னவோ வாங்க வேண்டாம்னுதான் தோணுது, ஆனா இது என் கருத்துதான்" என்று. அந்தப் பிற்பாதி அவர் காதில் விழுந்ததா தெரியவில்லை. வாங்கவில்லை. கேஸ் நடுவர் மன்றத்தில் இருக்கிறது, எப்படி வேண்டுமானாலும் போகலாம். அவர் மனைவி எங்கிருந்தோ என் நம்பரை வாங்கி, எப்போது முடியும் என்று அடிக்கடி ஊரிலிருந்து கூப்பிடுகிறார்.