ஸோம்பா போய்ச் சேர்ந்த வழி

மலாவி நாட்டின் தெற்கில் ஸோம்பா என்று ஒரு மலையடிவார ஊர் இருக்கிறது. 1970-களின் பாதி வரை அந்த நாட்டுக்கு அதுதான் தலைநகர். அங்குள்ள ஒரு இறையியல் கல்லூரியில் ஆறு மாதம் எபிரெயம் கற்றுக்கொடுக்க அழைத்திருந்தார்கள். 2023 செப்டம்பரில் வகுப்பில் நிற்பேன் என்று எண்ணியிருந்தேன். போய்ச் சேர்ந்தது டிசம்பர் 9. இதே மாதிரிப் பணிக்குக் கிளம்பும் இரண்டு பேர் என்னிடம் விவரம் கேட்டார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் தாமதம், குற்ற வழக்கு எதுவும் இல்லை என்று தரும் போலீஸ் சான்றிதழில். பாஸ்போர்ட்டில் இருந்தது, நாங்கள் முன்பு பாளையங்கோட்டையில் வாடகைக்கு இருந்த வீட்டு முகவரி. இப்போது இருப்பது நாசரேத்தில். ஒன்று திருநெல்வேலி மாவட்டம், மற்றது தூத்துக்குடி. இரண்டு இடத்திலும் விசாரணை முடிந்து அறிக்கை போக ஏழு வாரம் ஆனது. வெளிநாடு போகும் எண்ணம் வந்த உடனே முகவரியை மாற்றி பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள், அதற்கு அப்புறம் போலீஸ் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். பட்டச் சான்றிதழில் அப்போஸ்டில், அதாவது வெளிநாட்டிலும் அது செல்லும் என்ற அத்தாட்சி, வாங்குவதும் இப்படித்தான்: முதலில் மாநில அரசின் சரிபார்ப்பு, அதன் பிறகே வெளியுறவு அமைச்சகத்தின் ஸ்டிக்கர். மலாவி அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இருக்கிற நாடு என்பதால் தூதரகத்துக்குத் தனியாக அலைய வேண்டியிருக்கவில்லை.

இடையில் ஒரு ஏஜென்ட், "சார், டூரிஸ்ட் விசாவில போயிருங்க, அங்க யாரும் கேக்க மாட்டாங்க" என்றார். ஒரு நிமிடம் மனசு ஆடியது உண்மை. ஆனால், "என்ன வேலையாக வந்தீர்கள்" என்று குடியுரிமை அதிகாரி கேட்டால் பொய் சொல்லித்தான் உள்ளே போக வேண்டும். பொய் சொல்லி நுழைந்துவிட்டு மறுநாள் வேதாகமத்தைத் திறந்து வகுப்பெடுக்க என்னால் முடியாது. கல்லூரிக்கு எழுதினேன். அவர்கள் தற்காலிக வேலை அனுமதிக்கு விண்ணப்பித்தார்கள். அதில் இன்னும் ஐந்து வாரம் போனது.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மலாவியில் அந்தக் காய்ச்சல் இல்லை. ஆனால் விமானம் மாறுகிற அடிஸ் அபாபா இருக்கும் எத்தியோப்பியா, அந்தக் காய்ச்சல் உள்ள நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. எனக்கு அங்கே மூன்று மணி நேரம்தான் நிறுத்தம், ஊசி வேண்டாம் என்று பலரும் சொன்னார்கள். விதியைத் தேடிப் படித்தேன். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் அங்கே தங்கினால் மலாவியில் ஊசி போட்டதற்கான மஞ்சள் அட்டையைக் கேட்பார்கள். மூன்று மணி நேரம் பன்னிரண்டாக எவ்வளவு நேரமாகும்? சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய்ப் போட்டுக்கொண்டேன். முட்டை ஒவ்வாமை உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் போடுவார்கள். போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அட்டை செல்லும். அதன் பிறகு ஆயுளுக்கும் போதும்.

எல்லாம் கைக்கு வந்து, டிசம்பர் 5 விடியற்காலை விமானத்துக்கு டிக்கெட். 2-ஆம் தேதி ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினேன். மறுநாள் திருவருகையின் முதல் ஞாயிறு. மடிப்பாக்கத்தில் சித்தி வீட்டில் தங்கல். அன்று ராத்திரி தொடங்கிய மழை விடவே இல்லை. மிக்ஜாம் புயல். திங்கட்கிழமை காலையில் தெருவே தெரியவில்லை. மின்சாரம் போனது, பிறகு போனில் சிக்னலும் போனது. கீழ்வீட்டில் தண்ணீர் ஏற ஏற அந்தக் குடும்பம் ஆறு பேரும் மேலே எங்களோடு வந்துவிட்டார்கள். சித்தி என் சான்றிதழ்களை வாங்கி அரிசிப் பையில் சுற்றி, அதை இன்னொரு பையில் போட்டுக் கட்டிப் பரணில் வைத்தார்கள். "தம்பி, இது நனைஞ்சா நீ மறுபடியும் முதல்ல இருந்துல்லா ஆரம்பிக்கணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அன்று காலையில் மூடிய விமான நிலையத்தை மறுநாள் ஒன்பது மணிக்குத்தான் திறந்தார்கள். என் விமானம் ரத்து.

சிக்னல் வந்ததும் ஊரிலிருந்து போன்மேல் போன். சிலர், "சாத்தான் தடை பண்ணுகிறான்" என்றார்கள். சிலர், "கர்த்தருக்குச் சித்தமில்லையோ என்னவோ" என்றார்கள். அன்போடு சொன்னதுதான். ஆனாலும் இரண்டையும் நான் ஏற்கவில்லை. வேளச்சேரியில் படகில் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள், குழந்தைக்குப் பால் பாக்கெட் கிடைக்காமல் எங்கள் தெருவிலேயே ஒரு தாய் அழுதாள். இத்தனை பேர் தவித்த வெள்ளத்தை என் ஒருவனுடைய பயணத்துக்கு அடையாளமாக எப்படி எடுத்துக்கொள்வது?

7-ஆம் தேதிக்கு வேறு டிக்கெட் தந்தார்கள். அந்த விமானமும் ஐந்து மணி நேரம் தாமதம். அடிஸ் அபாபாவில் இறங்கியபோது, மலாவியின் பிளான்டயர் நகருக்கு நான் பிடிக்க வேண்டிய விமானம் போய்விட்டிருந்தது. அடுத்த இடம் 9-ஆம் தேதிதான் என்று சொல்லி ஹோட்டலுக்கு அனுப்பினார்கள்.

அங்கே அது நோன்புக் காலம். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபையார் ஜனவரி 7-இல் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறார்கள். அதற்கு முன் நாற்பது நாளுக்கு மேல் கறி, முட்டை, பால் எதுவும் தொடுவதில்லை. இஞ்செரா என்கிற புளித்த மாவு அப்பமும் பருப்புமாவுக் குழம்பும் வந்தன. நம் தோசை மாவு நன்றாகப் புளித்தால் வருகிற அதே வாசனை.

8-ஆம் தேதி சாயங்காலம், "நாளை உங்கள் பேருந்து ஒரு மணிக்கு" என்று வரவேற்பில் இருந்த பெண் சொன்னாள். விமானம் காலையில் என்பதால், ராத்திரி ஒரு மணிதான் என்று நினைத்துப் பெட்டியோடு கீழே வந்து உட்கார்ந்தேன். யாரும் இல்லை. ஒரு வயதான காவலாளி மட்டும் கம்பளி போர்த்திக்கொண்டு, விளக்கடியில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய சின்னத் தோல் புத்தகத்தை உதட்டசைவில் வாசித்துக்கொண்டிருந்தார். நான் பேருந்தைக் கேட்டதும் ஜன்னலைக் காட்டி, சூரியன் எழுவதுபோல் கையை உயர்த்தி, ஒரு விரலை நீட்டினார். பொழுது விடிந்து ஒரு மணி. அதாவது ஏழு மணி! அப்போஸ்தலர் நடபடிகளில் பேதுரு சொல்கிற மூன்றாம் மணி வேளையை எத்தனை வருஷம் விளக்கிச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கணக்கில் இன்றும் ஜனங்கள் பேருந்து பிடிக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது.

திரும்பப் போய்ப் படுக்க மனம் வரவில்லை. அது என்ன புத்தகம் என்று சைகையில் கேட்டேன். "தாவித்" என்றார். சங்கீதம். எனக்கு அம்ஹாரிக் தெரியாது, அவருக்கு ஆங்கிலம் நாலு சொல். நான் சுவரைத் தொட்டு, வீடு என்பதற்கு எபிரெயத்தில் "பயித்" என்றேன். அவர் கண்கள் விரிந்தன, "பேத்!" என்றார். மேலே காட்டி "ஷமாயிம்" என்றேன், "செமாய்" என்றார். தலையைத் தொட்டு "ரோஷ்" என்றேன், "ராஸ்" என்றார். இப்படியே ஒரு மணி நேரம். அந்தச் சொற்களை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டேன்.

பிளான்டயரில் இறங்கியதும் சுகாதார மேசையில் முதலில் கேட்டது, "அடிஸில் எத்தனை மணி நேரம் இருந்தீர்கள்?" மஞ்சள் அட்டையை நீட்டினேன். பார்த்துவிட்டு உள்ளே விட்டார்கள். அட்டை இல்லாத ஒருவரை ஓரமாக நிற்கச் சொன்னதையும் பார்த்தேன்.

11-ஆம் தேதி முதல் வகுப்பு, அந்தக் காகிதத்திலிருந்துதான் தொடங்கினேன். இழந்த நாட்களை ஈடுகட்ட, காலை ஆறு மணிக்கே வருகிறோம் என்று மாணவர்களே சொன்னார்கள்.

18-ஆம் தேதி வீட்டுக்குப் போன் போகவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகளோடு நிற்கிறது என்று செய்தி பார்த்தேன். நாசரேத் அங்கிருந்து எட்டும் தூரம். வகுப்பில் சொன்னேன். அந்த மார்ச்சில்தான் ஃபிரெடி புயலில் தென் மலாவியின் மலைச்சரிவுகள் இடிந்து விழுந்திருந்தன. வீட்டை இழந்த ஒரு மாணவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்து, "பெபானி, பெபானி" என்றார். வருத்தத்தில் பங்கெடுக்கச் சொல்லும் சிச்செவா சொல் அது. அவர் வீட்டாரின் குரல் கேட்க நாலு நாள் ஆனதாம். "உங்களுக்கும் வரும்" என்றார்.

20-ஆம் தேதி ராத்திரி மணி அடித்தது. "ஏங்க, மூணாவது படி வரைக்கும் தண்ணி வந்துச்சு, நாங்க நல்லாருக்கோம்" என்றாள் என் மனைவி. மறுநாள் ஆறு மணி வகுப்புக்குப் போனதும் முதலில் அவரிடம்தான் சொன்னேன்.