காயாத கூடை

நவம்பர் 3

தீபாவளிக் குப்பை இன்னும் திண்ணையில்தான் கிடக்கிறது. பட்டாசு டப்பா, இனிப்பு டப்பா, புதுத்துணி வந்த அட்டை. பழைய பேப்பர்காரர் வந்து சைக்கிளை நிறுத்தினார். உள்ளேயிருந்து அத்தை சத்தம்: "ஏளா, பேப்பரைப் போட்டுராத. ரெண்டு கட்டு ஊறப் போடு."

வலது கை விழுந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு அத்தை தானாகக் கேட்ட முதல் விஷயம் இது. எதற்கு என்று நான் கேட்கவில்லை. பேப்பர்காரரை அனுப்பிவிட்டேன்.

நவம்பர் 4

மழை.

நவம்பர் 5

காகிதக் கூழ்க் கூடைக்குப் பேப்பர் கிழித்தோம். பெரியவன் குறுக்கே கிழித்தான், கோணல்மாணலாகப் போனது. மேலிருந்து கீழே இழுத்தால் கோடு போட்ட மாதிரி நேராக வரும். அத்தை இடது கையால் கிழித்துக் காட்டினார்கள். வலது கை பேப்பர் பறக்காமல் இருக்க மேலே சும்மா கிடந்தது. சும்மா என்று எழுதுகிறேன், அதுவும் ஒரு வேலைதான்.

ஞாயிற்றுக்கிழமை இணைப்பின் வழுவழுத் தாளையெல்லாம் ஒதுக்கச் சொன்னார்கள். அதில் வெள்ளைக் களிமண் பூச்சு இருக்கும், லேசில் ஊறாது. ஸ்டேப்பிள் பின் இருந்தால் பிடுங்க வேண்டும், இல்லாவிட்டால் பிசையும்போது கையில் ஏறும்.

ஒவ்வொரு பேப்பரிலும் அணை நிலவரத்தை வாசித்துவிட்டுத்தான் கிழிக்கவே கொடுக்கிறார்கள். பாபநாசம் 143 அடிக்கு எவ்வளவு, மணிமுத்தாறு 118 அடிக்கு எவ்வளவு. எல்லாம் போன ஆனி மாதக் கணக்கு. "இன்னைக்கு எவ்வளவு?" என்று நடுவில் கேட்டார்கள். இன்றைய பேப்பரைத் தேடினேன், அதையும் சின்னவள் கிழித்து அண்டாவில் போட்டிருந்தாள்.

கொழுந்தனார் போன் பண்ணினார். அத்தை அவர் வீட்டுக்குச் சென்னை போக 20-ஆம் தேதிக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டுவிட்டாராம். கீழ் பெர்த்.

நவம்பர் 6

தண்ணீர் மாற்றினேன். மை கலங்கிச் சாம்பல் நிறமாக வருகிறது. தினமும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் நாறும்.

பிசியோ தம்பி வந்தார். கையில் பந்தைக் கொடுத்துப் பத்துத் தடவை அமுக்கச் சொன்னார். அத்தை ரெண்டு தடவை அமுக்கிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்கள். மஞ்சள் பந்து, சிரித்த முகம் வேறு போட்டிருக்கிறது. எழுபது வயது மனுஷியிடம் அதைக் கொடுத்தால் யாருக்குத்தான் அமுக்கத் தோன்றும்?

நவம்பர் 8

மிக்ஸியில் அரைக்கலாமே என்றார் என் வீட்டுக்காரர். "மிக்ஸி பசையாக்கிரும். நார் இருந்தாத்தானே கூடை நிக்கும்?" என்று அத்தை ஒரே போடாகப் போட்டார்கள். கொல்லையில் தலைகீழாகக் கிடந்த உரலைக் கழுவி எடுத்தேன். உலக்கை இல்லை, பக்கத்து வீட்டு உலக்கை. ஊறிய பேப்பரைப் பிழிந்து இடிக்க இடிக்க எழுத்தெல்லாம் போய் வெறும் சாம்பல் உருண்டை.

வெந்தயம் ராத்திரியே ஊறியிருந்தது. அம்மியில் அரைத்தால் விரலில் இழை இழையாக வரும் அந்தக் கொழகொழப்புதான் ஒட்டவும் செய்யும், பூச்சியையும் அண்ட விடாது. புளியமுத்தை வறுத்து, தோல் போக்கி, ஊற வைத்து அரைத்து, கஞ்சி மாதிரி காய்ச்சி ஊற்ற வேண்டும். அளவு என்று ஒன்றும் கிடையாது. "காணாது, இன்னும் போடு" என்று அத்தை சொல்கிற வரைக்கும் போட வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

பிசைய உட்கார்ந்தேன். அத்தை நாற்காலியை இழுத்துப் போடச் சொன்னார்கள். இடது கையால் வலது கையைத் தூக்கி அண்டாவுக்குள் வைத்தார்கள். நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். அங்கே ஒரு வேலையும் இல்லை.

நவம்பர் 9

வீடு முழுக்க வெந்தய வாசம். சாம்பாரிலும் அதே வாசம் என்கிறான் பெரியவன். பொய், நான் சாம்பாருக்கு வெந்தயமே போடவில்லை.

பிசியோ தம்பியிடம் அண்டாவைக் காட்டினேன். கை வேலை செய்தால் சரி, அது பந்தாக இருந்தால் என்ன, கூழாக இருந்தால் என்ன என்றார். பிடிக்கிற வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது நல்லதாம். பந்து இப்போது சின்னவளிடம்.

நவம்பர் 10

பித்தளைச் சருவத்தைக் கவிழ்த்து, மேலே நனைந்த வேட்டித் துணியைப் போர்த்தி அப்பினோம். துணி இல்லாவிட்டால் காய்ந்தபின் கழற்ற வராது. அடியிலிருந்து மேலே ஏற்ற வேண்டும், எல்லா இடத்திலும் விரல் கனம் இருக்க வேண்டும். நானும் சின்னவளும் ஒரு பக்கம், அத்தை ஒரு பக்கம். பெரியவன் வேடிக்கை.

அத்தை பக்கம் ஒரு இடத்தில் தடித்தும் ஒரு இடத்தில் சருவம் தெரிகிற மாதிரியும் இருந்தது. நான் சும்மா இருந்தேன். சின்னவள்தான், "ஆச்சி, இங்கன ஓட்டையா இருக்கு" என்றாள். கையிலிருந்த கூழைச் சுவரில் எறிந்தார்கள். அப்புறம் சாப்பிடவும் வரவில்லை.

சுவரில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுரண்ட மனசில்லை. நன்றாகவே ஒட்டியிருக்கிறது.

நவம்பர் 11

வெயில் இல்லை. அடுத்த தெரு அப்பளக்காரர் வீட்டிலும் பாய் விரிக்கவில்லை. கல்லிடைக்குறிச்சியில் இந்த மாதம் எல்லாரும் வானத்தைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள்.

டிக்கெட்டைப் பற்றி அவரிடம் கேட்டேன். "பார்ப்போம்" என்றார்.

நவம்பர் 12

பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் தினத்துக்குப் போட்டியாம். வேஸ்ட்டிலிருந்து பெஸ்ட். இதற்கு வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியலைப் பெரியவன் நீட்டினான். கிளிட்டர் ஷீட், குளூ கன், தெர்மாகோல், ஐஸ் குச்சி ஒரு பாக்கெட். ஐஸையே பார்த்திராத ஐஸ் குச்சி! புதிதாக வாங்கி, ஒட்டி, பரிசு கொடுத்து, மறுநாள் தூக்கி எறிவதற்கு இப்படி ஒரு பெயர். ஃபேன்ஸி ஸ்டோரில் எனக்கு முன்னால் மூன்று அம்மாக்கள் நின்றார்கள், மூன்று பேர் கையிலும் அதே பட்டியல்.

பரணில் அத்தை பின்னிய பால் கவர் பாய் இருக்கிறது, அதைக் கொண்டு போ என்றேன். கவரைக் கழுவிக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்து, பட்டையாக வெட்டி, மடித்துப் பின்னியது. 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் தடை வந்தபோது பால் கவருக்கு விலக்கு உண்டு என்று பேப்பரில் வாசித்துவிட்டு, "நல்ல வேளை, என் சரக்குக்குத் தடையில்ல" என்று சிரித்தார்கள் அத்தை. அப்போது ரெண்டு கையும் ஓடிக்கொண்டிருந்தது. ஓலைப்பெட்டி முடைந்த கைக்கு பால் கவர் ஒரு பொருட்டா?

பெரியவனுக்கு அதைக் கொண்டு போக வெட்கம். "எல்லாரும் சிரிப்பாங்கம்மா." தெர்மாகோல் வாங்கிக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய?

நவம்பர் 13

கூடையின் விளிம்பில் வெள்ளையாகப் பூசணம். வெந்தயம் பூச்சியைத்தான் தடுக்கும் போல, ஈரத்துக்கு அதனிடம் பதில் இல்லை. சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள், கொஞ்சம் வாங்கி வரட்டுமா என்றார் அவர். அது விஷம். பிள்ளைகள் கை வைக்கிற இடத்தில் அது ஆகவே ஆகாது. துணியால் துடைத்து, அடுப்படியில் விறகு அடுக்குகிற மேடைக்கு மாற்றினேன். அங்கே சூடு இருக்கும்.

அத்தை கேட்டார்கள்: "காயுதா?"

நவம்பர் 14

பெரியவன் தெர்மாகோல் தாஜ்மகால். சின்னவள் சிரட்டை ஆமை. ரெண்டுக்கும் பரிசு இல்லை. ஆமையை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். தாஜ்மகால் மழையில் எங்கேயோ போய்விட்டது.

நவம்பர் 15

அந்தக் காலத்தில் இதில் அரிசியும் பருப்பும் போட்டு வைப்பார்களாம். இப்போது எனக்கு யோசனை. பேப்பரில் பலகாரம் மடிக்கக் கூடாது, மையில் ஈயம் இருக்கலாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்லியிருக்கிறது. அத்தையிடம் சொன்னேன். "நாங்க தின்னு வளரலையா?" என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவர்களே, "சரி, பூண்டு போடு. இல்லன்னா நூல்கண்டு போடு" என்றார்கள். உள்ளே பழைய வேட்டித் துணியைப் புளியமுத்துப் பசையில் ஒட்டலாம் என்றும் சொன்னார்கள். காய்ந்த பிறகுதானே அதெல்லாம்.

நவம்பர் 16

கொழுந்தனார் மறுபடி போன். "மதினி, அம்மாவுக்கு அங்க பெரிய ஆஸ்பத்திரி இருக்கு, மெஷின் இருக்கு, தினமும் ஆள் வரும். இங்க என்ன இருக்கு?" தப்பாக ஒன்றும் கேட்கவில்லை. நல்ல பிள்ளை அவர். மூன்றாவது மாடி, லிஃப்ட் உண்டு. இங்கே பிசியோ தம்பி வாரத்துக்கு மூன்று நாள்தான் வருகிறார், மழை வந்தால் அதுவும் இல்லை.

ஆனால் அங்கே உரல் கிடையாது. அண்டாவில் பேப்பரை நாறப் போட்டால் கீழ் வீட்டுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அங்கே கூழுக்குள் யார் கையை வைப்பார்கள்? மெஷின் பத்துத் தடவை மடக்கச் சொல்லும், இவர்கள் ஜன்னலைப் பார்ப்பார்கள். கட்டைவிரல் இந்த வாரம் கொஞ்சம் உள்ளே மடங்குகிறது. நான் ஆசையில் பார்க்கிறேனோ என்று அவரைப் பார்க்கச் சொன்னேன். மடங்குகிற மாதிரித்தான் இருக்கு என்றார். மாதிரி!

அத்தையிடம் யாரும் இன்னும் கேட்கவில்லை. அது எப்படி? அவர்களை வைத்துக்கொண்டே மேலேயும் கீழேயும் டிக்கெட்டைப் பற்றிப் பேசுகிறோம், அவர்கள் அணை நிலவரம் வாசிக்கிறார்கள்.

அவர்கள் போய்விட்டால் மத்தியான நேரத்தில் இந்த வீட்டில் எனக்குப் பேச ஆள் கிடையாது. அதையும் எழுதிவைக்கிறேன்.

நவம்பர் 17

கார்த்திகை பிறந்துவிட்டது. பதினொரு மணிக்கு வெயில்! சருவத்தோடு தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். அடுத்த தெருவில் அப்பளப் பாயெல்லாம் விரித்துவிட்டார்கள். ஒரு மணிக்கு மூடிக்கொண்டது.

நவம்பர் 18

கழன்றது. அடிப்பக்கம் இன்னும் ஈரம், ஓரத்தில் ஒரு இடம் மெலிசு. ஆனால் நிற்கிறது. அத்தை மடியில் வைத்துத் தட்டிச் சத்தம் கேட்டார்கள். "இன்னும் ரெண்டு வெயில் வேணும்." எந்தக் கையால் தட்டினார்கள் என்று ராத்திரி அவர் கேட்டார். நான் அப்போது கூடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 19

காலையில் அத்தையிடம் நானே கேட்டுவிட்டேன். போகிறீர்களா, இருக்கிறீர்களா என்று. பதில் சொல்லாமல் அடுத்த கட்டுப் பேப்பரை ஊறப் போடச் சொன்னார்கள், இந்தத் தடவை பெரிய சருவம் என்றார்கள். அவரிடம் சொன்னேன். சாயங்காலம் தம்பியிடம் பேசுகிறாராம். வெந்தயம் தீர்ந்துவிட்டது, கால் கிலோ வாங்க வேண்டும்.