கல்குளம் கோட்டைக்குள் ஒரு பகல்

கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்த்துவிட்டுத் திருவனந்தபுரம் செல்லும் சுற்றுலா வேன்கள், தக்கலையில் நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பிப் பத்மநாபபுரம் அரண்மனை வாசலில் நிற்பது வழக்கம். வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், ஒரு மணி நேரத்தில் மறுபக்கம் வெளியே வந்து, இளநீர் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அந்த வேகத்தைக் காணும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. அரண்மனை நிற்கும் இடம் ஏறத்தாழ 6 ஏக்கர்தான். அதைச் சூழ்ந்திருக்கும் கோட்டையோ ஏறத்தாழ 185 ஏக்கர். கோட்டைக்கு வெளியே ஒரு சூஃபி ஞானியின் தர்கா, சற்றுத் தள்ளி உதயகிரிக் கோட்டை, அதற்கும் பின்னால் வேளிமலை என்று, ஒரு நாட்டின் தலைநகரம் எப்படி இருந்திருக்கும் என்பதைக் காட்டும் இடங்கள் அத்தனையும் சில கிலோமீட்டர் தொலைவுக்குள் கிடக்கின்றன. இந்த ஊருக்கு ஒரு முழுப் பகலையாவது ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கோட்டையின் பழைய பெயர் கல்குளம். வேணாட்டு அரசர்கள் பக்கத்தில் உள்ள திருவிதாங்கோட்டிலிருந்து தலைநகரை இங்கே மாற்றிக்கொண்டார்கள். 1601 அளவில் தொடங்கிய அரண்மனை, ஒவ்வொரு அரசர் காலத்திலும் ஒரு கட்டு, ஒரு மாளிகை என்று சேர்ந்து வளர்ந்தது. 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்டவர்மா சிறு நாடாக இருந்த வேணாட்டைத் திருவிதாங்கூர் என்னும் பெரிய அரசாக விரித்தார். 1750 ஜனவரியில் அந்த நாட்டையே திருவனந்தபுரம் பத்மநாபசுவாமிக்குக் காணிக்கையாக எழுதிக் கொடுத்து, அவருடைய தாசனாகவே ஆண்டார். கல்குளத்துக்குப் பத்மநாபபுரம் என்ற பெயர் வந்ததும் அவர் காலத்தில்தான். 1795இல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போனது. 1956 நவம்பர் 1 அன்று கல்குளம் வட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது. அரண்மனையின் நிர்வாகம் மட்டும் கேரளத் தொல்லியல் துறையிடமே நின்றுவிட்டது. தமிழ்நாட்டு ஊர் ஒன்றின் நடுவே கேரள அரசு டிக்கெட் கிழித்துக் கொடுப்பதை வெளியூர்க்காரர்கள் வியப்பாகப் பேசுகிறார்கள். வீட்டில் தமிழும் சந்தையில் மலையாளமுமாகப் பழகிய இந்தப் பக்கத்து மக்களுக்கு அதில் வியக்க ஒன்றும் இல்லை.

அரண்மனையின் முதல் கட்டு பூமுகம். அரசர் வந்தவர்களைப் பார்க்கும் வாசல் மண்டபம் இது. மேலே மரக்கூரை முழுவதும் வெவ்வேறு பூ வடிவங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. கழுத்து வலிக்கும் வரை பார்த்தாலும் ஒன்று மற்றொன்றைப் போல இல்லை. அந்தக் கூரையிலிருந்து சங்கிலியில் தொங்கும் குதிரைவிளக்கை எந்தத் திசைக்குத் திருப்பினாலும் திருப்பிய இடத்திலேயே நிலைகொள்ளும் என்று வழிகாட்டிகள் பெருமையோடு சொல்வார்கள். சீன வணிகர்கள் கொடுத்த நாற்காலி, கருங்கல் கட்டில், சுவரில் வரிசையாக ஓணவில்கள் என்னும் ஓணத்துக்குரிய அலங்கார வில்கள் ஆகியவையும் இங்கேயே உள்ளன. கூட்டம் இந்த இடத்தில்தான் தேங்கும் என்பதால், காலையில் கதவு திறந்தவுடன் முதல் ஆளாக நுழைவது நல்லது.

குறுகிய மரப்படியில் ஏறினால் மந்திரசாலை. இந்த அரண்மனையில் எனக்கு மிகவும் பிடித்த அறை இது. நாட்டின் முடிவுகள் எடுக்கப்பட்ட அறை என்றதும் மனத்தில் எழும் பிரம்மாண்டம் எதுவும் இங்கே இல்லை. தாழ்ந்த கூரை, எளிய மர இருக்கைகள், மூன்று பக்கமும் மரச்சட்டங்கள், அவ்வளவுதான். அந்தச் சட்டங்களைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். ஒவ்வொன்றும் வெளிப்பக்கமாகச் சரிந்திருப்பதால் உள்ளே அமர்ந்தவருக்குக் கீழே முற்றம் தெரியும், கீழே நிற்பவருக்கு மேலே யாரும் தெரியமாட்டார்கள். காற்று தடையில்லாமல் வரும், மழைச்சாரல் வராது. சாளரங்களில் பதித்த வண்ண அபிரகத் தகடுகள் வழியே வரும் வெளிச்சத்தில் உச்சி வெயிலின் கூர்மை முழுவதும் வடிந்துபோயிருக்கும். காலுக்குக் கீழே கன்னங்கரேலென்று பளபளக்கும் தரை, சுண்ணாம்பு, மணல், சுட்ட சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு, வெல்லம், சில செடிகளின் சாறு ஆகியவற்றைச் சேர்த்து இழைத்தது. செருப்பைக் கழற்றச் சொல்வதன் பொருள் இங்கே வந்தால்தான் புரியும். வெறுங்காலில் அந்தக் குளிர்ச்சியை உணராமல் இந்த அறையைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது.

தங்கமும் பளிங்கும் தேடி வருகிறவர்களுக்குப் பத்மநாபபுரம் ஏமாற்றம் தரலாம். இதன் பெருமை முழுவதும் ஆசாரிமாரின் கையில் இருக்கிறது. குமரிக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஆண்டில் பல மாதம் பெய்யும் மழையை ஓட்டிவிடச் செங்குத்தான ஓட்டுக் கூரை, சுவர் நனையாமல் காக்க நீண்ட இறவாரம், நடுவில் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் முற்றம் என்று எல்லாம் தேவையிலிருந்து பிறந்த வடிவங்கள். மிகப் பழைய பகுதியான தாய்க்கொட்டாரத்தில் இது தெளிவாகத் தெரியும். நடுமுற்றத்தைச் சுற்றி நான்கு பக்கமும் கட்டிய நாலுகெட்டு வீடாக அமைந்த அந்தக் கட்டில், பலாமரத்தில் அடி முதல் முடி வரை நுணுக்கமாகக் கடைந்து செதுக்கிய ஒரு தூண் நிற்கிறது. கல்லில் செய்திருந்தால்கூட வியக்க வைக்கும் வேலை, மரத்தில் செய்யப்பட்டு இத்தனை காலம் பூச்சிக்கும் ஈரத்துக்கும் தப்பி நிற்கிறது. வேன்காரர் அழைக்கிறார் என்று இந்தத் தூணைத் தாண்டி ஓடுபவர்களைப் பிடித்து நிறுத்த வேண்டும்போல் இருக்கும்.

ஊட்டுப்புரை இரண்டு தளங்களாக நீண்டு கிடக்கிறது; ஒரே நேரத்தில் ஏறத்தாழ 2000 பேர் அமர்ந்து உண்ணும் அளவு பெரியது. ஊறுகாய் வைத்த பெரிய சீனப் பரணிகள் இன்னும் இருக்கின்றன. உப்பரிகை மாளிகை நான்கு நிலைகள் கொண்டது: கீழே கருவூலம், அதற்கு மேல் பல மூலிகை மரங்களை இணைத்துச் செய்த கட்டில் உள்ள பள்ளியறை, எல்லாவற்றுக்கும் மேலே பத்மநாபசுவாமிக்கென்றே ஒதுக்கிய அறை. சுவரோவியங்கள் நிறைந்த அந்த மேல்நிலைக்குப் பொதுமக்களை விடுவதில்லை. பார்க்க முடியாத குறை இருந்தாலும், மூலிகைச் சாயத்தில் தீட்டிய ஓவியங்களுக்கு ஆயிரக்கணக்கானவர்களின் மூச்சுக்காற்றும் வியர்வையும் ஆகாது என்பதால் அந்தத் தடையை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன்.

மரத்திலேயே ஊறிய கண்ணுக்கு நவராத்திரி மண்டபம் திடீர் மாற்றமாகத் தெரியும். இது முழுக்கக் கருங்கல். தூண்களின் நிழல் விழும் அளவுக்குத் தரை மெருகேறியிருக்கிறது. இதை ஒட்டித்தான் சரஸ்வதி சன்னதி. கம்பர் வழிபட்ட திருமேனி இது என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. ஆண்டுதோறும் நவராத்திரிக்கு இந்தச் சரஸ்வதி யானை மீது ஏற, வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் உடன் வர, ஊர்வலமாகத் திருவனந்தபுரம் செல்கிறார்கள். புறப்படும் முன் உப்பரிகை மாளிகையில் அரசரின் உடைவாள் கைமாற்றித் தரப்படும் சடங்கில் இரு மாநில அரசுகளின் சார்பிலும் ஆட்கள் வந்து நிற்பார்கள். குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் இரவு தங்கி, வழியெங்கும் வீட்டு வாசலில் விளக்கேற்றி வரவேற்கப்பட்டுச் செல்லும் அந்த ஊர்வலத்தைப் பார்க்கக் கிடைப்பவர்கள் பேறு பெற்றவர்கள். தலைநகரம் போய்விட்டாலும் தெய்வங்கள் ஆண்டுக்கொரு முறை போய்த் திரும்புகிற வழக்கத்தை இந்த ஊர் விடவில்லை.

அரண்மனையை விட்டு வெளியே வந்ததும் வண்டி ஏறாமல் கோட்டைக்குள் நடக்க வேண்டும். ஓட்டு வீடுகள், தென்னைகள், குளங்கள், பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் என்று மக்கள் வாழும் கோட்டை இது. நீலகண்டசுவாமி கோவில் இங்கேதான் உள்ளது. சிவராத்திரிக்கு முந்தைய நாள் தொடங்கி, காவி உடுத்து, கையில் விசிறியோடு "கோவிந்தா! கோபாலா!" என்று முழங்கிக்கொண்டு பன்னிரண்டு சிவாலயங்களுக்கு ஓடும் சிவாலய ஓட்டத்தில் இதுவும் ஒன்று. சிவனைக் காண ஓடுகிறவர்கள் திருமாலின் பெயரைச் சொல்லி ஓடுவதும், கடைசிக் கோவிலான திருநட்டாலத்தில் சிவனும் திருமாலும் ஓருருவான சங்கரநாராயணரைக் கண்டு ஓட்டம் நிறைவதும் குமரிக்கே உரிய அழகு. கோவில் பக்கம் திண்ணையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், நான் சுவரைத் தேடி நடப்பதைக் கேட்டறிந்து, "எல்லாரும் கொட்டாரத்த மட்டும் பாத்துட்டுப் போறாவ மக்களே, கோட்டைய ஆரு பாக்கா?" என்றார். அவர் கைகாட்டிய திசையில் போனால், செடியும் கொடியும் படர்ந்து, அடியில் பெரிய கற்களோடு சுவர் நீண்டு செல்கிறது. சில இடங்களில் இடிந்திருக்கிறது. அரண்மனைக்குக் கிடைக்கும் கவனத்தில் ஒரு பங்கு இந்தச் சுவருக்கும் கிடைக்க வேண்டும். வேலி இல்லாத வயலாக அரண்மனையை மட்டும் காத்து என்ன பயன்?

மதியச் சாப்பாட்டுக்குத் தக்கலைக்கு வந்துவிடலாம். தேங்காய் அரைத்த மீன் குழம்பும் மரச்சீனிக் கிழங்கும் பல கடைகளில் கிடைக்கும். மாலையில் ரசவடையும் ஏத்தன்பழ பஜ்ஜியும் சூடாகக் கிடைக்கும். பெட்டிக்கடைகளில் குலையாகத் தொங்கும் விரல் நீள மட்டிப் பழத்தை மறக்காமல் வாங்க வேண்டும். குமரி மட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

தக்கலையிலேயே பீர்முகம்மது அப்பாவின் தர்கா இருக்கிறது. தென்காசியில் பிறந்து, இங்கே வந்து தங்கி, நெசவு செய்து வாழ்ந்து, தமிழில் ஆயிரக்கணக்கான ஞானப்பாடல்களைப் பாடிய பெரியார் அவர். ரஜப் மாதத்தில் நடக்கும் ஆண்டு விழாவில் அவருடைய 'ஞானப்புகழ்ச்சி'யை இரவு முழுவதும் கூட்டமாக அமர்ந்து ஓதுவார்கள். தமிழ் இலக்கியத்தில் ஈடுபாடு உள்ள எவரும் அரண்மனைக்கு இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டு இந்த வாசலுக்கு வராமல் போகக் கூடாது.

நெடுஞ்சாலை வழியே நாகர்கோவில் பக்கம் சிறிது தூரம் போனால் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. ஒரு குன்றையே உள்ளே அடக்கிக் கருங்கல் மதில் எழுப்பியிருக்கிறார்கள். 1741 ஆகஸ்டில் குளச்சல் போரில் மார்த்தாண்டவர்மாவின் படை டச்சுக்காரர்களை வென்றது. பிடிபட்டவர்களில் டிலனாய் என்பவர் பின்னர் அதே அரசரிடம் பணியில் சேர்ந்து, திருவிதாங்கூர்ப் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி அளித்து, பீரங்கி வார்க்கும் உலையை இங்கே நிறுவி, படைத்தலைவராகவே உயர்ந்தார். மக்கள் அவரை வலிய கப்பித்தான் என்று அழைத்தார்கள். இப்போது கோட்டை தமிழ்நாடு வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்காவாக இருக்கிறது. மான்களையும் பறவைகளையும் பார்க்கவே குடும்பங்கள் வருகின்றன. உள்ளே மரங்களுக்கு நடுவே கூரையில்லாமல் நிற்கும் சிற்றாலயத்துக்குச் செல்பவர்கள் குறைவு.

அங்கேதான் டிலனாயின் கல்லறை இருக்கிறது. பக்கத்தில் அவர் மனைவிக்கும், களக்காட்டுப் போரில் இளம் வயதிலேயே மாண்ட மகனுக்கும் கல்லறைகள் உள்ளன. டிலனாயின் கல்லில் லத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டுள்ளன. வழிப்போக்கனை நிற்கச் சொல்லித் தொடங்குகிறது லத்தீன் வாசகம். ஏறத்தாழ 37 ஆண்டுகள் அரசருக்கு உண்மையாக உழைத்ததையும், காயங்குளம் முதல் கொச்சி வரை உள்ள நாடுகளை அவருக்கு அடங்கச் செய்ததையும், 62 ஆண்டு 5 மாதம் வாழ்ந்து 1777 ஜூன் 1 அன்று இறந்ததையும் அது சொல்கிறது. தம்மைத் தோற்கடித்த நாட்டுக்கே வாழ்நாளைக் கொடுத்த ஒருவரின் வரலாற்றை, அந்தக் கல்லின் அருகே குனிந்து எழுத்துகளை விரலால் தொடர்ந்து படிக்கும்போது உணர்வதுபோல எந்த நூலிலும் உணர முடியாது. டிலனாய் வழியாகக் கிறிஸ்தவ நெறியை அறிந்து 1745இல் திருமுழுக்குப் பெற்று, 1752இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளை 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். அவர் தாகத்தோடு முழங்கையால் முட்டியபோது நீர் சுரந்ததாக மக்கள் நம்பும் முட்டிடிச்சான் பாறையும் புலியூர்க்குறிச்சியிலேயே இருக்கிறது. கோட்டையைப் பார்த்த கையோடு அங்கும் போகலாம்.

பொழுது மிஞ்சினால் குமாரகோவிலுக்குப் போகலாம். வள்ளியை முருகன் மணந்த இடமாகப் போற்றப்படும் வேளிமலைச் சாரல் அது. மறுநாளும் தங்க முடிந்தவர்களுக்கு மாத்தூர் தொட்டிப்பாலம் உண்டு: காமராசர் காலத்தில் திட்டமிடப்பட்டு 1966இல் கட்டி முடிக்கப்பட்டது; பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில், 28 தூண்கள் தாங்க, ஒரு மலையிலிருந்து மறு மலைக்குத் தண்ணீர் போகிறது. பாலத்தின் மேல் நடந்த பிறகு படிகளில் இறங்கி ஆற்றங்கரையிலிருந்தும் நிமிர்ந்து பார்க்க வேண்டும். சமண வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்கள் சிதறால் மலைக்குப் போகலாம். அங்கே பாறையில் வரிசையாகச் செதுக்கிய தீர்த்தங்கரர்கள் இருக்கிறார்கள். ஒரே நாளில் இவை எல்லாவற்றையும் திணிப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

நாகர்கோவில் வடசேரிப் பேருந்து நிலையத்திலிருந்து தக்கலை வழியாக மார்த்தாண்டம், களியக்காவிளை செல்லும் பேருந்துகள் அடிக்கடி உண்டு. தக்கலையிலிருந்து அரண்மனை ஏறத்தாழ 2 கிலோமீட்டர், ஆட்டோ எளிதில் கிடைக்கும். ரயிலில் வருபவர்கள் இரணியலில் இறங்கலாம். அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை, மதியத்தில் சிறிது நேரம் மூடுவார்கள், கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டு. செவ்வாய் முதல் வெள்ளிக்குள் ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, காலை 9 மணிக்கே வாசலில் நின்றுவிட்டால், மந்திரசாலையில் சற்று நேரமாவது தனியாக நிற்கும் வாய்ப்புக் கிடைக்கும்.